சுவிட்ச் யார் கையில்?

கல்குவாரியிலோ கிரஷரிலோ ஓர் உயிர் போனால் மறுநாள் மாவட்டப் பக்கத்தில் வரும் செய்தியின் வாசகம் மாறுவதே இல்லை. ‘எதிர்பாராதவிதமாக’ பெல்ட்டில் கை சிக்கியது. ‘நிலைதடுமாறி’ ஹாப்பருக்குள் விழுந்தார். ‘கவனிக்காமல்’ டிப்பருக்குப் பின்னால் நின்றார். போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்துவருகின்றனர். குவாரி உரிமையாளரைக் கேட்டாலும், பாதுகாப்பு வார விழா மேடையில் பேசுகிறவரைக் கேட்டாலும், இறந்தவரோடு வேலை பார்த்த மேஸ்திரியையே கேட்டாலும் கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: “ஆள் கொஞ்சம் கவனமா இருந்திருந்தா இது நடந்திருக்காதுங்க.”

இந்த விளக்கம் தவறு. அடுத்த விபத்துக்கு வழி திறந்துவைப்பதும் இதே விளக்கம்தான். எந்திரத்துக்கு மிக அருகில் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். அடைத்த கல்லைக் கடப்பாரையால் நெம்புகிறவர், பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கிறவர், டயர் மாட்டுகிறவர், டிப்பரின் பாடியைத் தூக்கிவிட்டு அடியில் படுக்கிறவர். எல்லாம் பராமரிப்பு வேலைகள். அந்த நேரத்தில் அவர்கள் உயிரைத் தீர்மானிப்பது அவர்களுடைய கவனம் அல்ல, வேறொருவர் கையில் இருக்கும் சுவிட்ச்.

குவாரி விபத்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பாறைச் சரிவு. திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே 14 இரவு பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நால்வர் இறந்தார்கள். சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் 2025 மே 20 அன்று மறுபடியும் பாறை சரிந்து உயிர்கள் போயின. அப்போதெல்லாம் மீட்புப் படை வருகிறது, நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, மற்ற குவாரிகளையும் ஆய்வு செய்யச் சொல்லிக் குரல்கள் எழுகின்றன. எந்திரம் அப்படிக் கூட்டமாகக் கொல்வதில்லை. இங்கே ஒரு கை, அங்கே ஒரு கால், இன்னோர் ஊரில் ஓர் ஆள். மீட்புப் படைக்கு வேலை இல்லை. ஆகவே ஆய்வுக்கும் வேலை இல்லை என்று ஆகிவிடுகிறது.

கவனத்தின் வேகம்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஜல்லிக் கிரஷரில் கன்வேயர் பெல்ட் நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடுவது சாதாரணம். கீழ்முனையில் டிரம்மும் பெல்ட்டும் சேரும் இடத்தில் ஜல்லி சிந்திக் குவியும். அதை வாரிப் போட மண்வெட்டியோடு ஓர் ஆளை நிறுத்துகிறார்கள். மண்வெட்டியின் விளிம்பு பெல்ட்டில் பட்டு இழுபடுகிறது. இழுபடுவதை உணர்ந்து, விட்டுவிட வேண்டும் என்று மூளை சொல்லி, விரல்கள் பிடியைத் தளர்த்த மிகுந்த விழிப்போடு இருப்பவருக்கும் மூன்றில் ஒரு நொடி ஆகும். அதற்குள் பெல்ட் அரை மீட்டர் நகர்ந்துவிட்டது. விரல்நுனி தொடங்கி முழங்கையைத் தாண்டிய தூரம் அது.

துளை போடும் கம்ப்ரசரை ஓட்டுகிற டிராக்டரில், எஞ்சினின் சுழற்சியைக் கடத்தும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழல்கிறது. தண்டின் சுற்றளவு ஒரு சாண் என்று வைத்துக்கொண்டாலும் நொடிக்கு இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிக்கொள்ளும். லுங்கியின் நுனியோ தோள்துண்டோ மாட்டினால் சத்தம் போடக்கூட நேரம் இருக்காது. டிப்பர் டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது என்றால், 20 அங்குல ரிம்மின் முகத்தில் அது தள்ளும் விசை ஏறக்குறைய 14 டன். பூட்டு வளையம் சரியாக உட்காராத ரிம்மின் முன் குனிந்து காற்றடிப்பவர் அந்த 14 டன்னுக்கு முன்னால் குனிந்திருக்கிறார்.

ஹிட்டாச்சியின் ஹைட்ராலிக் ஹோஸில் எண்ணெய் 300 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. ஊசிமுனை அளவு கசிவு இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பதுதான் நம் ஊர் வழக்கம். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே எண்ணெய் சதையைப் பிரித்துக்கொண்டு பரவியிருக்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துக் கசிவைக் கண்டுபிடிக்கலாம் என்பதை அந்த ஆபரேட்டருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றால், அவருடைய கவனம் என்ன செய்யும்? கவனம் என்பது மனித உடம்பின் வேகத்தில் இயங்குவது. எந்திரம் தன் வேகத்தில் இயங்குகிறது. இரண்டையும் போட்டியிடவிட்டு, தோற்றவரைக் குற்றம் சொல்கிறோம்.

ஒரு பழைய எண்

‘பெரும்பாலான விபத்துகளுக்கு மனிதத் தவறே காரணம்’ என்று பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஹைன்ரிச் என்பவர் 1931-ல் எழுதிய நூலிலிருந்து. 75,000 விபத்துகளைப் பகுத்துப் பார்த்ததில் 88 சதவீதம் ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால் நடந்தவை, 10 சதவீதம் பாதுகாப்பற்ற எந்திரத்தாலும் சூழலாலும் நடந்தவை, 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்றார். அவர் பார்த்தவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை உரிமையாளர்களின் பதிவேடுகளும். விபத்துக்குக் காரணம் என்ன என்று அந்தத் தாள்களில் எழுதியவர்கள் மேற்பார்வையாளர்களும் முதலாளிகளும். பிற்கால ஆய்வாளர்கள் சரிபார்க்க முயன்றபோது மூலக் கோப்புகளே கிடைக்கவில்லை. அந்த எண்ணை இன்னும் வேதவாக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டுச் சட்டமே இந்த வாதத்தை ஏற்றதில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் வந்தது. முதலாளி எப்போது பொறுப்பிலிருந்து தப்பலாம் என்று அது பட்டியலிட்டது: குடிபோதையில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே அகற்றியது. ‘கவனக்குறைவு’ அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கும் மேலாக, தொழிலாளி இறந்துவிட்டாலோ முழு நிரந்தர ஊனம் அடைந்துவிட்டாலோ பட்டியலில் உள்ள காரணங்களைக்கூடச் சொல்லித் தப்ப முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒதுக்கித் தள்ளிய சாக்கை நாம் இன்றும் செய்தித்தாளில் அச்சடிக்கிறோம்.

தொழிலாளிகள் குறுக்குவழியில் போவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. போகிறார்கள். பெல்ட் டிரம்மின் கம்பி வலைக் கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்கிறார்கள். ஏன் கழற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி. கிரீஸ் நிப்பிள் கவசத்துக்கு உள்ளே இருக்கிறது. தினமும் கிரீஸ் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்ட யாரும் நேரம் தருவதில்லை. ஒரு வாரத்தில் கவசம் வேலியோரம் கிடக்கும். நிப்பிளிலிருந்து ஒரு சிறு குழாயைக் கவசத்துக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் கவசத்தைத் தொடாமலே கிரீஸ் வைக்கலாம். உள்ளூர் லேத் பட்டறையில் முடிகிற வேலை. அதைச் செய்யாமல் விட்டவருடைய கவனக்குறைவைப் பற்றி ஏன் எந்தச் செய்தியிலும் ஒரு வரி இல்லை?

அடைப்பின் வேர்

ஜா கிரஷரில் பெரிய கல் வந்து மாட்டிக்கொள்கிறது. மோட்டாரை நிறுத்தச் சொல்கிறார்கள். ஒருவர் கடப்பாரையோடு வாய்க்குள் இறங்குகிறார். மோட்டார் நின்றுவிட்டது, இனி ஆபத்து இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டு பெரிய ஃபிளைவீல்கள் இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கலாம். அவை நின்றுவிட்டாலும், தாடைகளுக்கு நடுவே நெரிபட்ட கல் இறுகிய நிலையில் இருக்கிறது. நெம்பியதும் அது துள்ளும், தாடை நகரும், கடப்பாரை திரும்பி வந்து அடிக்கும். ஏற்றத்தில் சுமையோடு நிற்கும் பெல்ட்டும் அப்படித்தான். மின்சாரம் இல்லாமலே பின்னோக்கி உருளும். டிப்பரின் தூக்கிய பாடி, முட்டு இல்லாவிட்டால், ஒரு ஹோஸ் பிய்ந்ததும் கீழே படுத்திருப்பவர் மேல் இறங்கிவிடும். எந்திரத்தை நிறுத்துவது ஒரு வேலை, அதில் தேங்கியிருக்கும் விசையை அடக்குவது இன்னொரு வேலை. முதல் வேலையோடு நம் ஆட்கள் நின்றுவிடுவதற்குக் காரணம், இரண்டாவது வேலை ஒன்று இருப்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதுதான்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். அந்தப் பெரிய கல் கிரஷருக்கு ஏன் வந்தது? மேலே வெடி வைத்தபோது துளைகளின் இடைவெளி சரியில்லை. கல் பெரிது பெரிதாகப் பெயர்ந்தது. அதைப் பிரேக்கரால் உடைத்து அனுப்பியிருக்கலாம். பிரேக்கருக்கு மணி வாடகை என்பதால் அப்படியே ஏற்றிவிட்டார்கள். ஹாப்பர் வாயில் பெரிய கல்லைத் தடுக்கும் கம்பிச் சட்டம் இல்லை. இருந்ததும் வளைந்துபோய் அகற்றப்பட்டுவிட்டது. சில சமயம் அடைப்பது கல்கூட அல்ல, ஹிட்டாச்சி பக்கெட்டிலிருந்து கழன்று விழுந்த இரும்புப் பல். காலையில் பக்கெட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்திருந்தால் பல் ஆடுவது தெரிந்திருக்கும். ஆக, கடப்பாரையோடு இறங்கியவர் ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. முந்தைய கண்ணிகளைப் போட்டவர்கள் யாரும் கிரஷரின் வாயில் நிற்கவில்லை.

‘ஓடுற மிஷினை எதுக்கு நிறுத்தணும்?’

அடுத்த வாதம் காசைப் பற்றியது. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை நிறுத்திச் சோதிப்பது வீண் செலவு, கெட்டுப்போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்பது. க. பரமத்தியானாலும் திருவக்கரையானாலும் காரியாபட்டியானாலும் இந்த வாதத்துக்கு ஊர் வித்தியாசம் கிடையாது.

இது சிக்கனமாகத் தோன்றுவதற்குக் காரணம், நம் குவாரிகளில் கூலி கணக்கிடப்படும் முறை. ஹிட்டாச்சிக்கு மணி வாடகை. எஞ்சின் மீட்டர் ஓடினால்தான் காசு. டிப்பருக்கு நடைக் கணக்கு. இறங்கி ஏறினால்தான் காசு. கிரஷருக்கு யூனிட் கணக்கு. குத்தகை ஒருவர் பெயரில், நடத்துபவர் இன்னொருவர், எந்திரம் மூன்றாமவருடையது, ஓட்டுபவர் நான்காமவர். இந்த நால்வரில் எவருக்கும் பிரேக்கைச் சோதிக்கும் பத்து நிமிடத்துக்குக் கூலி இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டுநர் தன் கையிலிருந்து தர வேண்டும். அவர் தரமாட்டார். தருபவரை அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

உண்மையில் கெட்டுப்போன பிறகு பார்ப்பதுதான் செலவு. ஜா கிரஷரின் டாகிள் பிளேட் அளவுக்கு மீறிய சுமை வந்தால் தான் உடைந்து சட்டகத்தைக் காப்பாற்றுவதற்காக வடிவமைக்கப்பட்டது. அது அடிக்கடி உடைகிறது என்று எரிச்சல்பட்டுக் கெட்டியான இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து மாட்டிவிட்டால், அடுத்த முறை உடைவது சட்டகமோ பிட்மேனோ. கிரீஸ் வறண்ட பேரிங் சூடேறிப் பிடித்துக்கொண்டால் தண்டும் சேர்ந்து போகும். ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஒரு வாரம் கிரஷரை நிறுத்திவிடும். அந்த வாரத்தில், ஆர்டர் கையில் இருக்கும் நெருக்கடியில், இரவு விளக்கு வெளிச்சத்தில், தூக்கமில்லாத ஃபிட்டரும் வெல்டரும் அவசரமாக வேலை செய்கிறார்கள். விபத்து நடப்பதற்கு ஏற்ற சூழலைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வது என்றால் இதுதான்.

சாலையில் ஓடும் லாரிக்கு எட்டு ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அந்தத் தகுதியை இழந்த வண்டிகள் ‘குவாரி வண்டி’ என்ற பெயரில் பள்ளத்துக்குள் ஓடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். சாலையைவிடச் செங்குத்தான பாதை, சாலையைவிட அதிகச் சுமை, தடுப்புச் சுவர் இல்லாத ஓரம். சாலைக்கே ஆகாத பிரேக் அங்கே எப்படி ஆகும்?

‘சத்தத்துலயே சொல்லிடுவாரு’

மூன்றாவது வாதம் அனுபவத்தைப் பற்றியது. முப்பது வருஷ ஃபிட்டருக்குப் பதிவேடு எதற்கு, எந்திரத்தின் சத்தத்திலேயே கோளாறைச் சொல்லிவிடுவார் என்பார்கள். சொல்லிவிடுவார்தான், அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். பேரிங் கத்துவதும் ஸ்கிரீனின் போல்ட் தளர்வதும் அவர் காதுக்குத் தப்பாது. ஆனால் கொக்கியின் கழுத்தில் விழுந்த மயிரிழை விரிசலுக்குச் சத்தம் கிடையாது. காற்றுத் தொட்டியில் சேர்ந்த தண்ணீருக்குச் சத்தம் கிடையாது. துருப்பிடித்து இறுகிப்போன சேஃப்டி வால்வு, தன் வேலை வரும் நாள்வரை அமைதியாகத்தான் இருக்கும். ஆளைக் கொல்பவை பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாத கோளாறுகள்தான். அவற்றைப் பார்த்தும், அளந்தும், தட்டியும், எழுதிவைத்தும்தான் பிடிக்க முடியும்.

அனுபவம் ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருந்தால் அவர் லீவு போடும் அன்று குவாரிக்கு அனுபவம் இல்லை. இன்று நம் கிரஷர்களில் பீகார், ஜார்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். முந்தைய ஷிப்ட்டில் பிரேக் பிடிக்கவில்லை என்பதைத் தமிழ் ஓட்டுநர் ஒடியா ஓட்டுநருக்கு எப்படிச் சொல்வார்? ‘அந்த வண்டி கொஞ்சம் பார்த்து ஓட்டு’ என்ற சைகையோடு சாவி கைமாறுகிறது. இரண்டு மொழியில் அச்சடித்த ஒரு தாளும், கோளாறு உள்ள வண்டியின் ஸ்டியரிங்கில் தொங்கும் ஒரு சிவப்பு அட்டையும் அந்த இடத்தில் முப்பது வருட அனுபவத்தைவிட அதிகம் பேசும்.

‘சின்னக் குவாரிக்குக் கட்டாது’

கடைசியாக எல்லோரும் சொல்வது இது: “இதெல்லாம் பெரிய சிமென்ட் கம்பெனிக்குச் சரிங்க. நாங்க பத்துப் பதினஞ்சு ஆள வெச்சு ஓட்டறோம்.” சிறு குவாரிக்காரரின் நெருக்கடி பொய்யல்ல. டீசல் விலை, ராயல்டி, ஜல்லியை அடிமாட்டு விலைக்குக் கேட்கும் ஒப்பந்ததாரர் என்று அவருக்கும் தலைவலிகள் உண்டு. ஆனால் நான் கேட்பவற்றின் விலையைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பூட்டு. டிப்பர் பாடிக்கு ஓர் இரும்பு முட்டு. சக்கரத்துக்கு இரண்டு கட்டைகள். டயருக்குக் காற்றடிக்கக் கம்பிக் கூண்டு. காலையில் இருபது நிமிடம். இதற்குச் சிமென்ட் கம்பெனி தேவையில்லை.

அமெரிக்காவில் 1977-ஆம் ஆண்டுச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் சிறிய கல்குவாரியையும் மணல் குவாரியையும் ஆள் எண்ணிக்கை பார்த்து விட்டுவைக்கவில்லை. திறந்தவெளிச் சுரங்கம் ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு இரண்டு முறையேனும் மத்திய அரசின் ஆய்வாளர் முழுதாகச் சோதித்தாக வேண்டும். அங்கே ஒவ்வொரு ஷிப்ட்டிலும் வண்டியை எடுக்கும் முன் அதன் ஓட்டுநரே சோதிக்க வேண்டும். ஆபத்தான கோளாறு இருந்தால் சரிசெய்யும்வரை வண்டி வேலைக்குப் போகக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, எந்திரம் அசையாதபடி முட்டுக் கொடுத்த பிறகே பழுது பார்க்கலாம். பிரிட்டனின் 1999-ஆம் ஆண்டுக் குவாரி ஒழுங்குமுறைகள், எதை எப்போது எப்படிச் சோதிப்பது என்பதை எழுத்தில் வைக்கச் சொல்கின்றன.

நாம் எதிர்த்திசையில் போகிறோம். 1952 சுரங்கச் சட்டம், ஆறு மீட்டருக்கு மேல் ஆழம் போகாத, ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாத, வெடி வைக்காத கட்டடக்கல் குவாரிகளுக்குப் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2020 தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை இருபது. பதினைந்து பேர் வேலை செய்யும் கிரஷர் இனி ‘தொழிற்சாலை’ என்ற வரையறைக்குள்ளேயே வராது. சின்ன இடம் என்றால் சின்ன ஆபத்து என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள். பதினைந்து பேர் உள்ள இடத்திலும் ஃபிளைவீலின் எடை அதேதான்.

சட்டம் இருக்கிறது என்கிறார்களே

எந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குக் கவசம் வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொன்னது. ஓடும் எந்திரத்தின் அருகே சோதிக்கப் போகிறவர் தனிப்பயிற்சி பெற்றவராகவும் உடம்பை ஒட்டிய உடை அணிந்தவராகவும் இருக்க வேண்டும், அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று 22-ஆம் பிரிவு சொன்னது. பளு தூக்கும் எந்திரங்களையும் சங்கிலிகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்றது 29-ஆம் பிரிவு. சுரங்கத் தொழிலாளிக்கு வேலைப் பயிற்சி தர 1966-லேயே தனி விதிகள் வந்தன. விதிகளுக்குப் பஞ்சமே இல்லை.

பஞ்சம் இருந்தது தண்டனையில். விதியை மீறியதால் ஓர் உயிர் போனால் 1952 சுரங்கச் சட்டம் விதித்த உச்ச அபராதம் 5,000 ரூபாய். சிறைத் தண்டனை இரண்டு ஆண்டுவரை உண்டு என்றாலும் ‘அல்லது அபராதம்’ என்ற வழி திறந்தே இருந்தது. புதிய தொகுப்பு அந்த அபராதத்தைக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் ஆக்கி, அதில் பாதியையேனும் இறந்தவரின் வாரிசுக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. ஆள் எண்ணிக்கை விஷயத்தில் நான் குறை சொன்ன அதே தொகுப்பை இந்த இடத்தில் வரவேற்கிறேன்.

ஆய்விலும் ஓட்டை உண்டு. கனிமவளத் துறை எத்தனை கன மீட்டர் கல் போனது என்று பார்க்கிறது. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் பள்ளத்தைப் பார்க்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கிரஷரைப் பார்க்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தூசியைப் பார்க்கிறது. பள்ளத்துக்கும் கிரஷருக்கும் நடுவே நாளெல்லாம் ஓடுகிற டிப்பரின் பிரேக்கை யார் பார்க்கிறார்கள்? ஆய்வாளர் வரும் நாளில் எல்லோர் தலையிலும் புது ஹெல்மெட் இருக்கும், புகைப்படம் எடுப்பார்கள். ஜா கிரஷரின் வாய்க்குள் ஹெல்மெட் எதையும் காப்பாற்றாது.

வழி இருக்கிறது

இதற்கான முன்மாதிரியைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. மின்வாரியத்தில் லைன் கிளியர் வாங்காமல் கம்பத்தில் ஏறக் கூடாது என்பது கிராமத்துப் பிள்ளைக்கும் தெரியும். ‘எல்.சி. போட்டாச்சா?’ என்று கேட்டுவிட்டுத்தான் லைன்மேன் ஏறுகிறார். அந்த முறை மீறப்படும் இடத்தில்தான் அங்கே உயிர் போகிறது. நம் பழைய எலெக்ட்ரீஷியன்கள் வேலை தொடங்கும் முன் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். தன் உயிரின் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளும் அந்த அறிவை விதியாக்கினால் போதும்.

முதலாவதாக, கிரஷரின் மெயின் சுவிட்ச் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அடைப்பெடுக்கவோ பழுது பார்க்கவோ போகும் ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட்டு, தன் சாவியைத் தானே வைத்திருக்க வேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து கடைசிப் பூட்டைத் திறக்கும்வரை முதலாளியே வந்து நின்றாலும் மோட்டார் ஓடக் கூடாது. பூட்டிய பிறகு ஒருமுறை ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஃபிளைவீல் நின்றதைக் கண்ணால் பார்த்து, ஆப்பு வைத்து, அதன் பிறகே இறங்க வேண்டும். முடிந்த இடத்திலெல்லாம் ஆளுக்குப் பதில் பிரேக்கரே இறங்கட்டும்.

இரண்டாவதாக, சோதனை நேரத்துக்குக் கூலி. மணி வாடகை ஒப்பந்தத்திலும் நடைக் கணக்கிலும் காலை இருபது நிமிடம் சேர்த்து எழுதப்பட வேண்டும். பிரேக், ஸ்டியரிங், டயர், ஹார்ன், ரிவர்ஸ் அலாரம், ஹோஸ், பக்கெட் பல் என்று ஒரு தாளில் அடங்கும் பட்டியல் போதும். கோளாறு எழுதிய வண்டியை எடுக்க மறுக்கும் ஓட்டுநருக்கு அன்றைய கூலி கிடைத்தாக வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் காகிதம். காசு கிடைக்காத வேலையை ஏழையிடம் கேட்டு வாங்கவும் முடியாது, அதைச் செய்யவில்லை என்று அவரைக் கண்டிக்கவும் நமக்குத் தகுதியில்லை.

மூன்றாவதாக, விபத்து விசாரணையின் கேள்விகள் மாற வேண்டும். இறந்தவர் என்ன செய்தார் என்பதற்கு முன், சுவிட்ச் பூட்டப்பட்டிருந்ததா, கவசம் எப்போது யார் சொல்லி அகற்றப்பட்டது, கடைசிச் சோதனையில் யார் கையெழுத்துப் போட்டார், அந்தச் சோதனைக்குக் கூலி தரப்பட்டதா என்று கேட்கப்பட வேண்டும். செய்தி எழுதும் நண்பர்களும் இந்த நான்கு கேள்விகளையும் கேட்கலாம்.

கடைசியாக, உரிமம் தரும் மாவட்ட நிர்வாகத்துக்கு. குத்தகைக் கோப்பில் வரைபடம் கேட்கிறீர்கள், சுற்றுச்சூழல் அனுமதி கேட்கிறீர்கள், ராயல்டி ரசீது கேட்கிறீர்கள். எந்திரச் சோதனைப் பதிவேட்டையும் பூட்டு முறையையும் கேளுங்கள். அவை இல்லாத கோப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆளுக்கு ஒரு பூட்டு வாங்கித் தர முடியாதவருக்கு ஒரு மலையைக் குத்தகைக்கு விட அரசுக்கு எந்த நியாயமும் இல்லை.